வலது தோளுக்கு ஓய்வு: 10 மீட்டர் ஏர் பிஸ்டலை இடது கையால் சுடப் பழகுவது எப்படி?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பிரிவில் மாவட்ட, மாநில அளவிலான போட்டிகளில் கலந்துகொண்டு வருபவன். வலது தோள்மூட்டின் தசைநாணில் வீக்கம் ஏற்பட்டிருப்பதால், கையை நீட்டி எடை தாங்கும் எந்த வேலையையும் சில மாதங்களுக்குச் செய்யவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரேஞ்சுப் பக்கமே போகாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. அதனால் அவரிடம் அனுமதி பெற்று, இடது கையால் சுடப் பழகத் தொடங்கியிருக்கிறேன்.

வலது கையால் 60 குண்டுகளுக்கு 555 முதல் 562 வரை எடுத்து வந்தேன். இடது கையால் 10 குண்டுகள் கொண்ட ஒரு சீரிஸில் 78ஐத் தாண்டுவதே பெரும்பாடாக இருக்கிறது. குண்டுகள் சிதறினாலும் அந்தச் சிதறலில் ஓர் ஒழுங்கு தெரிகிறது: பெரும்பாலானவை குறியின் வலது கீழ்ப்புறத்தில், கடிகாரத்தில் நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடைப்பட்ட திசையில் போய் விழுகின்றன. சைட்டை (பிஸ்டலின் மேல் குறி பார்க்க உதவும் அமைப்பை) அந்த அளவுக்குத் திருப்பிச் சரிசெய்தால் அடுத்த சீரிஸில் சில குண்டுகள் இடது மேல்புறம் போய்விடுகின்றன, எஞ்சியவை பழைய இடத்திலேயே விழுகின்றன.

என் சொந்தப் பிஸ்டலின் மரக் கிரிப் (கைப்பிடி) வலது கைக்கென்றே செதுக்கப்பட்டது. இடது கையில் பிடித்தால் கட்டைவிரலுக்கு இடமே இல்லை. ஆகவே இப்போது எங்கள் கிளப்பில் புதியவர்களுக்குக் கொடுக்கும், இரு கைக்கும் பொதுவான கிரிப் உள்ள பிஸ்டலைப் பயன்படுத்துகிறேன். மேலும் என் ஆதிக்கக் கண், அதாவது குறி பார்க்கும்போது இயல்பாக முந்திக்கொள்ளும் கண், வலது கண். மூன்று விஷயங்களில் உங்கள் ஆலோசனை தேவை. சில மாதங்களுக்காக இடது கைக் கிரிப் ஒன்றை வாங்குவது வீண் செலவா? வலது கண்ணாலேயே குறி பார்க்கலாமா, இடது கண்ணுக்கு மாறிவிட வேண்டுமா? கை நடுங்குவது கண்ணுக்கே தெரிகிறது, அதற்கு டம்பெல் பயிற்சி செய்தால் போதுமா?

பதில்: ஓய்வுபெற்ற பயிற்றுநர்

வணக்கம் தம்பி. உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் கை மாறிச் சுடுகிற எல்லோரும் நடுக்கத்தைத்தான் குற்றவாளியாகக் கருதுகிறார்கள். உண்மையில் அது பறித்துக்கொள்ளும் புள்ளிகள் மிகக் குறைவு.

கணக்கைப் பாருங்கள். நம்முடைய குறியில் 10ஆம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., பெல்லட்டின் (நாம் சுடும் குண்டின்) விட்டம் 4.5 மி.மீ. கோட்டைத் தொட்டாலே அந்தப் புள்ளி கிடைத்துவிடும் என்பதால், பெல்லட்டின் மையம் குறியின் மையத்திலிருந்து 8 மி.மீ. விலகியிருந்தாலும் அது 10தான். அதற்கு மேல் ஒவ்வொரு 8 மி.மீ. விலகலுக்கும் ஒரு புள்ளி குறையும். இப்போது உங்கள் கை முழுவதும், பிஸ்டலோடு சேர்ந்து, சைட்டுகளின் ஒழுங்கு கெடாமல் 5 மி.மீ. பக்கவாட்டில் அசைந்தால், குண்டும் ஏறத்தாழ அதே 5 மி.மீ.தான் விலகும். அது 10க்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் மணிக்கட்டு சற்றே மடங்கி, பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் 1 மி.மீ. நகர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சைட்டுகளுக்கும் இடையிலான தூரம் சுமார் 350 மி.மீ. இருக்கும் பிஸ்டலில், 10 மீட்டருக்கு அப்பால் அந்த 1 மி.மீ. பிழை 28 மி.மீ. அளவுக்குப் பெருகி நிற்கும். குறியின் நடுவில் பிடித்த பிடி மாறாமலேயே உங்களுக்குக் கிடைப்பது 7. அரை மி.மீ. நகர்ந்தால்கூட 9தான்.

ஆகவே, நடுங்குகிற இடது கையால் 90க்கு மேல் சீரிஸ் அடிப்பது கணக்குப்படி முற்றிலும் சாத்தியம். கெடுப்பது தோள் அல்ல, மணிக்கட்டும் ஆள்காட்டி விரலும். நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் குண்டு விழுவதே அதற்குச் சாட்சி. வலது கைக்காரர் டிரிக்கரை அழுத்தும்போது கை முழுவதையும் சேர்த்து இறுக்கினால் குண்டு இடது கீழ்ப்புறம் விழும் என்பதை எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். உங்களுக்கு நேர்வது அதன் கண்ணாடிப் பிம்பம்தான். வலது கையில் பல ஆண்டுகளாக ஆள்காட்டி விரல் மற்ற விரல்களிடமிருந்து தனியே இயங்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. இடது கையில் அந்தப் பிரிவினை இன்னும் ஏற்படவில்லை. ஐந்து விரலும் ஒன்றாகவே சுருங்குகின்றன. சைட்டைத் திருப்பியதும் சில குண்டுகள் எதிர்ப்புறம் போனதற்கும் இதுவே காரணம்: அவை நீங்கள் ஒழுங்காக அழுத்திய குண்டுகள். தவறாக அழுத்தும் கைக்கு ஏற்ப சைட்டை வைத்தால், சரியாக அழுத்தும்போது தண்டனை கிடைக்கும். இப்போதைக்குச் சைட்டைத் தொடவே தொடாதீர்கள்.

செய்ய வேண்டியது இது. குறியைக் கழற்றிவிட்டு, வெள்ளைச் சுவரையோ திருப்பி மாட்டிய அட்டையையோ பார்த்து, பெல்லட் இல்லாமல் டிரை ஃபயர் செய்யுங்கள். முன்னால் கறுப்பு வட்டம் இருந்தால் கண் அதன் நடுவைத் தேடி ஓடும், விரல் அந்த நொடியைப் பிடிக்க அவசரப்படும். வெள்ளைச் சுவரில் அவசரப்படுவதற்கு எதுவுமே இல்லை. முன் சைட்டின் மேல்விளிம்பும் பின் சைட்டின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில், இரு பக்கமும் சம வெளிச்சத்தோடு நிற்க, விரல் நேர்ப்பின்னால் வரும்போது முன் சைட் அசைகிறதா என்பதை மட்டும் பாருங்கள். டிரிக்கர் விழும் கணத்தில் முன் சைட்டின் வலது மூலை கீழே இறங்குவதை நீங்களே காண்பீர்கள். அது நிற்கும்வரை குறியைத் திரும்ப மாட்ட வேண்டாம். பிறகும் சில காலம், பெல்லட் போட்டு வெற்று அட்டையில்தான் சுட வேண்டும், வட்டத்தில் அல்ல. விரலின் நுனி மூட்டு மடியும் இடம் டிரிக்கரில் படக் கூடாது. நகத்துக்குப் பின்னுள்ள சதைப்பகுதியின் நடுவே பட வேண்டும்.

கிரிப் விஷயத்தில் என் கருத்து சற்றுக் கடுமையானது. பொதுக் கிரிப்பில் உங்கள் கை ஒவ்வொரு முறையும் வேறொரு விதமாக உட்காரும். ஒவ்வொரு குண்டும் புதிய பிடியிலிருந்து போகிறது என்றால் எதைத் திருத்துவது? உங்கள் பிஸ்டலின் நிறுவனமே இடது கைக் கிரிப் விற்கும். ஸ்டெயர், மொரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பார்தினி எல்லாவற்றுக்கும் அது உண்டு. கிளப்பில் இடது கைக்காரர் யாராவது இருந்தால் இரவல் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் வாங்குங்கள், தோள் சரியானதும் விற்றுவிடலாம். வந்ததும் அப்படியே பயன்படுத்தாமல், கண்களை மூடிக்கொண்டு பிஸ்டலை உயர்த்திப் பிடித்துவிட்டுக் கண்ணைத் திறந்து பாருங்கள். முன் சைட் பள்ளத்தின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், மணிக்கட்டை வளைத்துச் சமாளிக்காமல், மரப்புட்டி அப்பியும் அரத்தால் தேய்த்தும் கிரிப்பைத்தான் திருத்த வேண்டும். உள்ளங்கைக்குக் கீழுள்ள தாங்குபலகையையும் அழுத்திப் பூட்டிவிடாதீர்கள். ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்தால் கை இயல்பாக உட்காரும்.

பதில்: சாளேசுரம்

கண் பற்றி நான் சொல்கிறேன். கண் பரிசோதனை செய்து கண்ணாடி எழுதித் தருவது என் தொழில், ஞாயிற்றுக்கிழமைகளில் பிஸ்டல் சுடுவது பொழுதுபோக்கு.

முதலில், ஆதிக்கக் கண் வலதுதான் என்பதை மீண்டும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். இரு கைகளையும் நீட்டி, கட்டைவிரல்களுக்கும் ஆள்காட்டி விரல்களுக்கும் இடையே சிறிய முக்கோணம் அமைத்து, தொலைவிலுள்ள ஒரு பொருளை இரு கண்களாலும் அதன் வழியே பாருங்கள். இடது கண்ணை மூடியும் பொருள் முக்கோணத்துக்குள் இருந்தால் வலது கண்ணே ஆதிக்கக் கண்.

ரைஃபிளில் கன்னத்தைக் கட்டையில் வைத்துச் சுடுவதால், கையும் கண்ணும் வேறு வேறு பக்கமாக இருந்தால் அது பெருந்தொல்லை. பிஸ்டலில் அப்படி இல்லை. சைட் ஒரு கை நீளத்துக்கு அப்பால் இருக்கிறது. தலையைச் சில டிகிரி இடப்புறம் திருப்பினால், அல்லது நிற்கும் கோணத்தைச் சற்றே மாற்றினால், வலது கண் இடது கையின் சைட்டுக்கு நேராக வந்துவிடும். அதனால் வலது கண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை, குறிப்பாக நீங்கள் மீண்டும் வலது கைக்குத் திரும்பப் போகிறவர் என்பதால். முன் சைட்டில் பார்வையை நிறுத்தும் பழக்கம் அந்தக் கண்ணுக்குத்தான் இருக்கிறது. உங்கள் சுடுதல் கண்ணாடியின் லென்ஸும் அந்தக் கண்ணின் அளவுக்குத்தான் செய்யப்பட்டிருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. தலையைத் திருப்பும்போது கண் லென்ஸின் ஓரத்தின் வழியே பார்க்கத் தொடங்கிவிடும். லென்ஸ் பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் முன் சைட்டின் விளிம்பில் மங்கல் படரும். பிரேமில் லென்ஸ் தாங்கியைத் தளர்த்தி, புதிய நிலையில் நின்று பிஸ்டலை உயர்த்திக்கொண்டே யாரையாவது சரிசெய்யச் சொல்லுங்கள். மற்றக் கண்ணை இறுக மூட வேண்டாம், முகத் தசையின் இழுப்பு குறி பார்க்கும் கண்ணையும் களைப்பாக்கும். ஒளி புகும் வெண்ணிறத் தகடு ஒன்றை அந்தக் கண்ணுக்கு முன் மாட்டுங்கள், அகலம் 30 மி.மீ.க்கு மேல் போகாமல். அதுதான் போட்டி விதி அனுமதிக்கும் அளவு.

தலையைத் திருப்பினால் கழுத்து வலிக்கிறது என்றால் மட்டும் இடது கண்ணுக்கு மாறுங்கள். அப்போது அதற்கெனத் தனி லென்ஸ் தேவைப்படும். வயது நாற்பதைத் தாண்டியிருந்தால் அது கட்டாயம்.

பதில்: டெக்சாஸ் தமிழன்

இங்கே அமெரிக்காவில், வேகத்தையும் துல்லியத்தையும் சேர்த்து மதிப்பிடும் யு.எஸ்.பி.எஸ்.ஏ. போட்டிகளில் நான் 9 மி.மீ. பிஸ்டல் சுடுகிறேன். சில ஸ்டேஜ்களில் (சுற்றுகளில்) பழக்கமில்லாத கையால் மட்டுமே சுட வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதால், இங்கு எல்லோருமே அதற்கெனத் தனியாகப் பயிற்சி எடுக்கிறார்கள். எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன். வலது கையால் பிடிப்பதைவிட இறுக்கமாகப் பிடியுங்கள். கட்டைவிரலை மேல்நோக்கி நிமிர்த்தி வையுங்கள். இடது காலை முன்னே வைத்து உடலைச் சற்று முன்சாயுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிஸ்டலை 10 அல்லது 15 டிகிரி உட்புறமாகச் சாய்த்துப் பிடியுங்கள். வலது ஆதிக்கக் கண்ணுக்கு நேராகச் சைட் தானாகவே வந்துவிடும், மணிக்கட்டின் முறுக்கமும் குறையும். தலையைத் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை.

பதில்: உடற்பயிற்சி அறை

இயன்முறை மருத்துவம் படித்தவன் என்ற முறையில் ஒரு செய்தி. ஒரு பக்கக் கையைப் பயிற்றுவித்தால் மறுபக்கக் கைக்கும் ஓரளவு வலு கூடுகிறது என்பது 1894ஆம் ஆண்டிலேயே யேல் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்ட உண்மை. தசை வளர்வதால் அன்று, மூளையும் நரம்புகளும் கற்றுக்கொள்வதால் ஏற்படும் விளைவு அது. ஆகவே இடது கைக்கு நீங்கள் தரும் உழைப்பு, ஓய்விலிருக்கும் வலது தோளின் வலு முழுவதும் கரைந்துவிடாமல் காக்கவும் சிறிது உதவும்.

ஆனால் டம்பெல்லைத் தூக்கித் தூக்கி இறக்குவது உங்களுக்கு வேண்டிய பயிற்சி அன்று. உங்களுக்குத் தேவை அசையாமல் தாங்கும் திறன். நீங்கள் சுடும் பிஸ்டலின் எடை ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் நிரம்பிய பாட்டிலின் எடையும் அதுவே. அதைத் தோள் மட்டத்துக்கு உயர்த்தி 15 முதல் 20 நொடி வரை பிடியுங்கள், பிறகு அதைப்போல் இரு மடங்கு நேரம் ஓய்வெடுங்கள். தோளைக் காதை நோக்கித் தூக்கிப் பிடித்தால் தசைநாண் நசுங்கக்கூடும். வலது தோளில் வந்த கோளாறு அதே பழக்கத்தால் இடது தோளிலும் வரலாம், கண்ணாடி முன் நின்று செய்யுங்கள்.

பதில்: வைகைக்கரை

எல்லோருக்கும் மிக்க நன்றி. பயிற்றுநர் ஐயா சொன்னபடி வெள்ளைச் சுவரில் டிரை ஃபயர் செய்து பார்த்தேன். முன் சைட்டின் வலது மூலை கீழே சரிவது அப்பட்டமாகத் தெரிகிறது. வட்டத்தைப் பார்த்துச் சுட்டபோது இது ஒருமுறைகூடக் கண்ணில் படவில்லை. இடது கைக் கிரிப் இரவலாகக் கிடைத்திருக்கிறது, அளவு சற்றுப் பெரிது.

இரண்டு சந்தேகங்கள். டெக்சாஸ் நண்பர் சொல்லும் சாய்ப்பும் இறுக்கமான பிடியும் ஏர் பிஸ்டலுக்குப் பொருந்துமா? இரண்டாவது, எங்கள் கிளப்பில் எல்லோரும், வலது கை சிதைந்த பின் இடது கையால் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஹங்கேரி வீரர் காரோலி தாகாச்சின் கதையைச் சொல்லி என்னைத் தேற்றுகிறார்கள். அவரைப் போல இடது கையிலேயே நிலைத்துவிடலாமே என்றுகூட ஒருவர் சொன்னார். அது நடக்கக்கூடியதா?

பதில்: ஓய்வுபெற்ற பயிற்றுநர்

டெக்சாஸ் நண்பர் சொல்வது அவருடைய போட்டிக்குச் சரியான அறிவுரை. அங்கே எடுத்த புள்ளிகளை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். 9 மி.மீ. பிஸ்டலின் உதைப்பைத் தாங்கி அடுத்த குண்டுக்கு உடனே தயாராக வேண்டும், அதனால் இறுக்கமான பிடி வேண்டும். நமக்கு 60 குண்டுகளுக்கு 75 நிமிடம் இருக்கிறது, உதைப்போ அநேகமாக இல்லை, டிரிக்கரை இழுக்கத் தேவைப்படும் எடை 500 கிராம். இங்கே இறுக்கிப் பிடித்தால் நீங்கள் இப்போது போராடிக்கொண்டிருக்கும் அதே நோயைக் கூட்டிக்கொள்வீர்கள். கைகுலுக்கும்போது எவ்வளவு அழுத்தம் தருவீர்களோ அவ்வளவு போதும். அந்த அழுத்தம் முதல் நொடியிலிருந்து குண்டு போய் முடியும்வரை மாறக் கூடாது.

சாய்ப்பை விதி தடுக்கவில்லை. ஆனால் சாய்ந்த பிஸ்டலில் சைட்டின் மேல்கீழ்த் திருகைத் திருப்பினால் குண்டு நேர்மேலே போகாமல் மூலைவிட்டமாக நகரும். சாய்வு குண்டுக்குக் குண்டு சில டிகிரி மாறினால் அதற்கேற்ப குண்டும் மாறும். கிரிப்பைச் சரியாகத் திருத்திய பிறகும் மணிக்கட்டு தானாகவே சற்று உட்புறம் சாய்ந்து நின்றால் அதை விட்டுவிடுங்கள், அது ஒவ்வொரு முறையும் ஒரே அளவாகத்தான் இருக்கும். கண்ணுக்காக வலிந்து சாய்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தலையைத் திருப்புங்கள் என்று சாளேசுரம் சொன்னதே நல்ல வழி.

தாகாச்சின் கதையை நானும் மாணவர்களுக்குச் சொல்பவன்தான், ஆனால் அதில் கவனிக்க வேண்டியதை யாரும் கவனிப்பதில்லை. ஹங்கேரி இராணுவத்தில் சார்ஜன்டாக இருந்த அவருடைய வலது கையை 1938இல் பயிற்சியின்போது வெடித்த பழுதான கையெறிகுண்டு சிதைத்தது. அவர் யாருக்கும் சொல்லாமல் இடது கையால் பழகி, 1939இல் தேசியப் போட்டியில் வென்றார். பிறகு 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 580 புள்ளிகளோடு உலக சாதனை படைத்துத் தங்கம் வென்றார், 1952இல் ஹெல்சிங்கியில் மீண்டும் தங்கம். இதெல்லாம் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிரிவில், ஐந்து குறிகளை 8, 6, 4 நொடிகளுக்குள் சுட வேண்டிய போட்டியில். வலது கைக்குத் திரும்பிச் செல்லும் வழி அவருக்கு அடைபட்டிருந்தது. உங்களுக்கு அது திறந்தே இருக்கிறது, சில மாதங்களில் 560 எடுக்கும் கை திரும்பி வரப்போகிறது. அதை விட்டுவிட்டு இடது கையில் நிலைத்துவிடச் சொல்பவரின் பேச்சைக் கேட்க வேண்டாம். இடது கையில் கற்ற டிரிக்கர் ஒழுக்கத்தை வலது கைக்குக் கொண்டுபோங்கள்.

இரவல் கிரிப் பெரிதாக இருப்பதால் கை உள்ளே சுழலும். சொந்தக்காரர் அனுமதித்தால் மட்டும் புட்டி அப்புங்கள், இல்லாவிட்டால் துணிப்பட்டையை உள்ளங்கைப் பகுதியில் ஒட்டிப் பெருவிரலடி நிரம்பும்படி செய்யலாம். டிரிக்கர் தகட்டையும் இடது விரலுக்கு ஏற்பத் திருப்பி வையுங்கள். முன்பு வலது கைக்கெனச் சாய்த்திருந்தால், அதே நிலையில் அது உங்கள் விரலைப் பக்கவாட்டில் தள்ளும்.

நிற்கும் நிலையையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும், வலதுபுற நிலையை அப்படியே புரட்டினால் பொருந்தாது. இடது தோள் குறியை நோக்க நின்று, கண்ணை மூடிக் கையை உயர்த்தி, திறந்து பாருங்கள். பிஸ்டல் குறிக்கு வலப்புறம் நின்றால் கையால் இழுக்காமல் பின்காலை நகர்த்திச் சரிசெய்யுங்கள். பிஸ்டல் குறியின் கீழே வந்து அமர்ந்ததிலிருந்து எட்டு நொடிக்குள் குண்டு போகாவிட்டால் இறக்கிவிடுங்கள். இடது கையில் ஒன்பதாவது நொடியில் போகும் குண்டுதான் உங்கள் 6ஆகவும் 5ஆகவும் இருக்கும்.

பதில்: வைகைக்கரை

தெளிவாகப் புரிந்தது ஐயா. கடைசியாக ஒன்று: அடுத்த மாதம் எங்கள் கிளப்பில் ஒரு சிறிய உள்போட்டி இருக்கிறது. இடது கையால் கலந்துகொள்ள எண்ணுகிறேன். விதிகளில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: ஓய்வுபெற்ற பயிற்றுநர்

தாராளமாகக் கலந்துகொள்ளுங்கள், ஸ்கோர் அட்டையை மட்டும் வீட்டில் யாரிடமும் காட்ட வேண்டாம்.

உங்கள் கைக்கடிகாரத்தை எந்தக் கையில் கட்டுகிறீர்கள்? பெரும்பாலோர் இடது கையில்தான் கட்டுகிறோம். பிஸ்டலைப் பிடிக்கும் கையில் கடிகாரம், காப்பு, மணிக்கட்டுப் பட்டை எதுவும் இருக்கக் கூடாது. கோயில் கயிற்றைக்கூடச் சில நடுவர்கள் கழற்றச் சொல்வார்கள். கிரிப்பின் எந்தப் பகுதியும் மணிக்கட்டைத் தாங்கும்படி நீளக் கூடாது, புட்டி அப்பும்போது இதை நினைவில் வையுங்கள். போட்டிக்கு முன் கருவிகளைச் சோதிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பிஸ்டலை அளக்கும்போது கிரிப்போடு சேர்த்து நீளம் 420, உயரம் 200, அகலம் 50 மி.மீ. அளவுக்குள் அடங்க வேண்டும். இரவல் கிரிப் பெரிய அளவு என்பதால் 50 மி.மீ. அகலத்தை முன்கூட்டியே அளந்துவிடுங்கள்.

பெல்லட் போடும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். இதுவரை வலது கையில் பிடித்து இடது கையால் லீவரைத் திறந்தவர் நீங்கள். இப்போது கைகள் இடம் மாறியதும் பிஸ்டல் தன்னையறியாமல் பக்கத்துச் சுடுமிடத்தை நோக்கித் திரும்பும். பிஸ்டலை மேசையில் குழல் குறியை நோக்கியபடி ஊன்றிக்கொண்டு, வலது முழங்கையை உடலோடு ஒட்டி வைத்தே லீவரைத் திறந்து மூடுங்கள். தோளுக்கும் அதுவே சுமை குறைந்த முறை. லீவர் கடினமாக இருந்து தோளில் வலி தெரிந்தால், பக்கத்தில் நிற்கும் நடுவரிடம் சொல்லிவிட்டுப் போட்டியை அத்தோடு நிறுத்திவிடுங்கள்.